நாயின் பெயர்

மெதுவாக நடம்மா,
உன் பின்னாலேயே வரச் சொல்லியிருக்கிறார்கள்,
எனக்கோ முழங்கால் வலி
என்றார் காவலர் செஃபஸ் ரோலின்ஸ்.

பால்டிமோர், எண்பத்து மூன்று, மார்ச்.
வெளியே பனி சேறாகிக்கொண்டிருந்தது.
அந்தக் கூடத்தில் கறுத்த தோல் இரண்டே,
ஒன்று சீருடைக்குள், ஒன்று மழைக்கோட்டுக்குள்
என்று நினைத்திருந்த அயோனியா ஸ்டால்வொர்த்
மூன்றாவதைக் கண்டது அப்போதுதான்.

ஒரு வணிகரின் மனைவி. நீலப் பட்டு. மடியில் நாய்.
இடது ஓரத்தில்
பழத்தட்டு ஏந்திய சிறுவன்;
அவன் தோளைப் பாதியில் வெட்டியிருந்தது சட்டகம்.
பித்தளைத் தகட்டில் அம்மாளின் பெயர் இருந்தது.
நாயின் பெயரும் இருந்தது.

அவள் அழவில்லை. பென்சிலை எடுத்து எண்ணினாள்,
இரண்டு நாள், எல்லாக் கூடங்களும்.
இருநூற்றுப் பதினான்கு ஓவியங்களில்
நம்மவர் பதினொருவர்.
குடை பிடிப்பவர், குதிரை பிடிப்பவர்,
திரைச்சீலையா ஆளா என்று
செஃபஸோடு வாதாட வேண்டியிருந்த ஒருவர்.

கல்லூரிக் கடையில்
'சதை நிறம்' என்றொரு குழாய் இருந்தது.
யாருடைய சதை என்று கேட்டாள்.
ஒரு டாலர் நாற்பது என்றார் கடைக்காரர்.

கறுப்புக் குழாயையும் அவள் திறந்ததே இல்லை.
சுட்ட மண்பழுப்பில் ஆழ்நீலம் குழைத்து,
அம்மாவின் முழங்கைக்கு ஒரு துளி பச்சை,
பேருந்துப் பணிமனையிலிருந்து வந்து
கிரீஸ் கழுவிய அண்ணனின் விரல்முட்டிக்கு
கொஞ்சம் ஊதா, கொஞ்சம் சாம்பல்.

இதை எழுதும் என் மொழியில்
கறுத்தல் என்றால் சினத்தலும்தான்.
அவளுக்குத் தெரியாது.
தெரிந்தால் சிரித்திருப்பாள்.
'கோபமான ஓவியங்கள்' என்று எழுதியவர்களின் பட்டியலைக்
குளியலறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தாள்.

பதின்மூன்று ஆண்டு கழித்து
பிரிஸ்டலில், ஓர் ஆவணக் காப்பகத்தில்,
அந்த வணிகரின் கணக்கேடு கிடைத்தது.
வெள்ளிக் கழுத்துப்பட்டை, இரண்டு.
நாய்க்கு ஒன்று; அங்கும் அதன் பெயர்.
பையனுக்கு ஒன்று; அங்கும் பையன்.
ஒரே தட்டான், ஒரே நாள்.
பையனுடையது நான்கு ஷில்லிங் அதிகம்,
கழுத்து பெரியது என்பதால்.

ஏட்டை மூடிவிட்டு
துறைமுகத்துப் பக்கம் போய்
சூடு ஆறும்வரை ஒரு தேநீரைக் கையில் வைத்திருந்தாள்.

பிறகு வரைந்தாள்,
அந்தப் படத்தின் இடப்பக்கம் சரியாகப் பொருந்தும்
இன்னொரு படத்தை.
வெட்டுண்ட தோள் தொடர்கிறது. மறு கை.
ஒரு கதவு, கதவுக்கு வெளியே முற்றம்,
அதில் எவருக்கும் சொந்தமில்லாத வெயில்.
தட்டைத் தரையில் வைத்திருக்கிறான்.

அருங்காட்சியகம் அதை வாங்கியது.
நிலவறையில் பதினொரு வருடம் வைத்தது.
தகட்டை மாற்றச் சொல்லி அவள் எழுதிய
பதினேழு கடிதங்களுக்கும் ஒரே பதில்:
குழு பரிசீலிக்கும்.

குழுவில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள், சிலர் செத்தார்கள்.
அவளுக்கு அறுபத்து மூன்று வயதானபோது
மூன்று தளமும் அவளுக்கென்று ஒதுக்கினார்கள்.
விளக்குக்காரரோடு சண்டை:
இந்த ஒளி வெளுத்த முகங்களுக்கு அளந்தது ஐயா,
என் அம்மாவைக் கண்ணாடியாக்குகிறது, இறக்குங்கள்,
இன்னும் கொஞ்சம்.

இயக்குநர் கனிவாகக் கேட்டார்:
பையனுக்கு ஒரு நல்ல பெயர் கொடுங்களேன், நீங்கள் கலைஞர்.
தோள் கொடுத்தேன், கதவு கொடுத்தேன் என்றாள்,
பெயரில் பொய் சொல்ல மாட்டேன்.

புதிய தகட்டில் இப்போது
ஒரு பெயரின் நீளத்துக்கு வெற்றிடம்.
முதல் வாரமே நால்வர் புகார் செய்தார்கள்,
அச்சுப்பிழை என்று.

ஒப்பந்தத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
ஒவ்வோர் அறையிலும் காவலருக்கு ஒரு நாற்காலி.
திறப்பு விழா மாலை, வைன் குவளைகளுக்கு நடுவே
ஊன்றுகோலோடு வந்த ஒரு கிழவர்
நீலப் பட்டு அம்மாளுக்கு எதிரே
அதில் போய் உட்கார்ந்தார்.

வேலைக்குப் புதிதான பெண் ஓடி வந்தாள்:
ஐயா, அது காவலர்களுக்கானது.

ஆமாம் என்றார் அவர்,
முழங்காலைத் தேய்த்துக்கொண்டு.